மைதானத்து நிறவெறிக்குப் பத்திரிகைகள் எப்படிப் பொறுப்பாகும்?

கால்பந்து மைதானத்தில் கறுப்பின வீரரைப் பார்த்துக் குரங்குபோல் கத்துகிறவன் ரசிகன். வாழைப்பழத்தை எறிகிறவனும் ரசிகன். பத்திரிகை அதைச் செய்தியாகப் போடுகிறது, கண்டித்துத் தலையங்கமும் எழுதுகிறது. அப்படியிருக்க, இனவெறிக்குப் பத்திரிகைகள்தான் தீனி போடுகின்றன என்று இங்கிலாந்தின் ரஹீம் ஸ்டெர்லிங் போன்ற கறுப்பின வீரர்கள் சொல்வதில் நியாயம் உண்டா என்பது கேள்வி.

உண்டு. ஆனால் சம்பவம் நடந்த மறுநாள் வருகிற கண்டனத்தை மட்டும் படித்தால் அது தெரியாது. எந்தச் சம்பவமும் நடக்காத சாதாரண நாட்களில் அதே வீரரைப் பற்றி அதே பத்திரிகை என்ன எழுதியது, எந்த அடைமொழியை யாருக்குக் கொடுத்தது, எதை எழுதாமலே விட்டது என்று பார்க்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலான கால்பந்து வரலாற்றில் பத்திரிகையின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஸ்டெர்லிங் காட்டியதும் இதைத்தான். 2018 டிசம்பர் 8 அன்று லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் ஆடின. கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுக்கச் சென்ற சிட்டி வீரர் ஸ்டெர்லிங்கை முன்வரிசையில் இருந்த சிலர் முகம் கோண ஏசினார்கள். மறுநாள் காலை இன்ஸ்டாகிராமில் அவர் போட்ட பதிவில் அந்த ஆட்களுக்கு அதிக இடம் கொடுக்கவில்லை. 'டெய்லி மெயில்' வெளியிட்ட இரண்டு தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டுமே மான்செஸ்டர் சிட்டியின் இளம் வீரர்கள் வீடு வாங்கிய செய்தி. டோசின் அடராபியோயோ கறுப்பினத்தவர். அவருடைய தலைப்பில் வயது 20, வாரச் சம்பளம் 25,000 பவுண்ட், வீட்டின் விலை 22.5 லட்சம் பவுண்ட், கூடவே 'பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தொடக்க அணியில் ஆடாதபோதும்' என்ற வால். ஃபில் ஃபோடன் வெள்ளையர். அவருடைய தலைப்பில் 'இளம் நட்சத்திரம்', 'அம்மாவுக்கு', '20 லட்சம் பவுண்டில் புது வீடு'. இருவருமே வீட்டைத் தாய்க்காகத்தான் வாங்கினார்கள் என்று ஸ்டெர்லிங் எழுதினார். ஃபோடனும் அப்போது முதல் அணியில் வேரூன்றாத பையன்தான்.

இந்த இரண்டு தலைப்புகளிலும் பொய் கிடையாது. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அதனால்தான் இது கண்ணில் படாமலே போகிறது. பிரிட்டனின் பத்திரிகைத் தர அமைப்பான இப்சோ வைத்திருக்கும் ஆசிரியர் நெறிமுறையின் 12-ஆவது பிரிவு, ஒரு தனிமனிதரின் இனத்தையோ நிறத்தையோ இழிவாகக் குறிப்பிடக் கூடாது என்கிறது. ஒற்றைச் செய்தியை எடுத்து இந்த விதியில் உரசினால் இரண்டு தலைப்புமே தேறிவிடும். தவறு இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை அளக்க விதியில் இடமில்லை.

ஸ்டெர்லிங் மீதே இது பல ஆண்டுகளாக நடந்தது. 2016 யூரோ கோப்பையில் ஐஸ்லாந்திடம் இங்கிலாந்து தோற்று வீடு திரும்பிய கையோடு, அவர் தன் தாய்க்கு வாங்கிக் கொடுத்த வீட்டின் பகட்டை 'தி சன்' கேவலம் என்ற தொனியில் எழுதியது. தோற்ற அணியில் இருந்த எல்லோருடைய வீட்டுக் குளியலறையும் செய்தியாகவில்லை. 2018 உலகக் கோப்பைக்குச் சற்று முன் அவர் வலது காலில் பச்சை குத்தியிருந்த துப்பாக்கி உருவம் 'தி சன்' முதல் பக்கத்துக்கு வந்தது. தனக்கு 2 வயதானபோது தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார், வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன், நான் சுடுவது வலது காலால்தான் என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த விளக்கத்தை அவரிடம் முன்பே கேட்டிருந்தால் அது வேறு செய்தியாக வந்திருக்கும். முன்வரிசை ரசிகனுக்கு ஸ்டெர்லிங்கை நேரில் தெரியாது. இந்தச் செய்திகளின் வழியாகத்தான் தெரியும்.

இது சமூக ஊடகக் காலத்து நோய் என்று நினைத்துவிட வேண்டாம். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரராகக் கருதப்படும் ஆர்தர் வார்ட்டன் 1865-இல் இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்தவர். 1886-இல் 100 கெஜ ஓட்டத்தை 10 வினாடியில் முடித்து இங்கிலாந்தின் அமெச்சூர் சாம்பியன் ஆனார். பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்குக் கோல்கீப்பராக நின்று, 1889-இல் ராதர்ஹம் டவுன் கழகத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1887-இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை, கோல் கம்பங்களுக்கு நடுவே வேடிக்கை காட்டக் கூடாது என்பது அவருடைய தடித்த மண்டையில் ஏறாதா என்று, நிறத்தைக் குறிக்கும் வசைச்சொல்லோடு கேட்டது. சிலர் அதை நிதானம் என்று பாராட்டுவதை வெறும் பிதற்றல் என்று ஒதுக்கியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கறுப்பின வீரரின் உடலை எல்லோரும் பார்க்கிறார்கள், அவர் யோசித்துச் செய்ததை மட்டும் முட்டாள்தனம் என்கிறார்கள். 2020-இல் வர்ணனைகளை எண்ணிப் பார்த்தபோதும் இதே கோணல்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பத்திரிகை சரியாகச் செய்த இடமும் அந்தக் காலத்திலேயே உண்டு. 1909 அக்டோபரில் டாட்டன்ஹாம் அணி பிரிஸ்டல் சிட்டியுடன் ஆடச் சென்றபோது, வால்டர் டல் என்ற கறுப்பின முன்கள வீரரை உள்ளூர்க் கூட்டத்தின் ஒரு பகுதி படுகேவலமாக ஏசியது. ஆட்டத்துக்கு வந்திருந்த ஒரு நிருபர் அதை மூடி மறைக்கவில்லை. நிற வெறுப்பு என்று தலைப்பிலேயே சொன்னார். ஏசியவர்களை ரவுடிகள் என்றார். மைதானத்தில் இருந்த முன்கள வீரர்களிலேயே சிறந்தவர் டல் என்று ஆட்டத்தையும் சேர்த்து எழுதினார். ஆனால் அந்த ஒரு கட்டுரையால் டல்லின் நிலை மாறவில்லை. அதன் பிறகு முதல் அணியில் அவருக்குச் சில வாய்ப்புகளே கிடைத்தன. 1911-இல் நார்தாம்ப்டன் டவுனுக்கு மாறினார். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாகி 1918 மார்ச் 25 அன்று பிரான்ஸில் உயிரிழந்தார். அவரை ஏன் ஒதுக்கினீர்கள் என்று கழகத்திடம் அந்தக் காலப் பத்திரிகைகள் தொடர்ந்து கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

கேட்காமல் விடுவதன் விலை ஜாக் லெஸ்லியின் கதையில் இன்னும் தெளிவாகத் தெரியும். பிளைமவுத் ஆர்கைல் அணிக்காக 401 ஆட்டங்களில் 137 கோல் அடித்தவர் அவர். 1925 அக்டோபரில் அயர்லாந்துக்கு எதிரான இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகிவிட்டதாக மேலாளர் அவரிடம் சொன்னார். பெயர் செய்தியிலும் வந்தது. சில நாளில் வந்த பட்டியலில் பெயர் இல்லை. தேர்வுக் குழு எந்தக் காரணமும் சொல்லவில்லை. பத்திரிகைகளும் விடாமல் துருவவில்லை. நான் கறுப்புப் பையன் என்பதை மறந்துவிட்டுத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று லெஸ்லி வெளிப்படையாகப் பேசி அது தேசிய நாளிதழில் அச்சானது 1978-இல். இடையில் 53 ஆண்டுகள். அதே 1978 நவம்பரில்தான் விவ் ஆண்டர்சன் இங்கிலாந்தின் மூத்த அணிக்காக ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். நாட்டுக்காக ஆடியவர்களுக்குத் தரும் தொப்பியைக் கால்பந்துச் சங்கம் லெஸ்லிக்குக் கௌரவமாக வழங்கியது 2023-இல், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து. பத்திரிகையின் பங்கை எடைபோடும்போது அச்சானதை மட்டும் சேகரித்தால் லெஸ்லி அதில் வரவே மாட்டார்.

தென் அமெரிக்காவில் பத்திரிகை இன்னும் நேரடியாகவே ஈடுபட்டது. 1920-இல் சிலியில் நடந்த தென் அமெரிக்கப் போட்டியை முடித்துக்கொண்டு பிரேசில் அணி அர்ஜென்டினா வழியாகத் திரும்பியது. புவனோஸ் அய்ரஸின் 'கிரிட்டிகா' நாளிதழ், நகரத்துக்குக் குரங்குகள் வந்திருக்கின்றன என்ற தலைப்பில், கேலிச்சித்திரத்தோடு ஒரு கட்டுரை போட்டது. கொதித்துப்போன பிரேசில் வீரர்களில் சிலர் நட்பு ஆட்டத்தில் இறங்க மறுத்தார்கள். ஆட்டம் குறைந்த ஆட்களோடு நடந்தது. இங்கே ரசிகன் கத்தியதைப் பத்திரிகை எழுதவில்லை. பத்திரிகைதான் முதலில் கத்தியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அர்ஜென்டினா இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்று, பிரேசிலா நைஜீரியாவா என்று காத்திருந்த நாளில், 'ஓலே' என்ற விளையாட்டு நாளிதழ் முதல் பக்கத்தில் 'குரங்குகள் வரட்டும்' என்ற பொருளில் தலைப்பு வைத்தது. நடுவில் 76 ஆண்டுகள், அதே நகரம், அதே உருவம். நைஜீரியா வந்தது; 3-2 என்று வென்று தங்கம் வாங்கிப் போனது.

பிரேசில் பத்திரிகைகள் தங்கள் வீரர்களைக் காப்பாற்றின என்று இதை வைத்து நினைத்துவிட முடியாது. 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் பிரேசில் 2-1 என்று தோற்றது. ஆட்டம் தொடங்கும் முன்பே பிரேசில் அணியின் படத்தைப் போட்டு உலக சாம்பியன்கள் இவர்களே என்று அறிவித்திருந்தது ஒரு ரியோ நாளிதழ். தோற்றபின் பழி விழுந்தது கோல்கீப்பர் பார்போசா, பின்கள வீரர்கள் பிகோடே, ஜுவெனால் ஆகிய மூவர்மேல். மூவரும் கறுப்பினத்தவர். ஆட்டத்தைத் தெரிந்தவர் பார்த்தால், தோல்வியைத் தீர்மானித்த 79-ஆவது நிமிடக் கோல் அவ்வளவு எளிய தவறல்ல. முதல் கோலுக்கு உருகுவேயின் கிஜியா வலப்பக்கம் ஓடிவந்து பந்தை நடுவே தள்ளிவிட, ஷியாஃபினோ அடித்தார். இரண்டாவது முறை கிஜியா அதே வழியில் வந்தபோது, மறுபடியும் நடுவே தள்ளுவார் என்று பார்போசா ஓரடி முன்னே நகர்ந்தார். கிஜியா கம்பத்துக்கும் அவருக்கும் இடையிலிருந்த சந்தில் நேராக அடித்துவிட்டார். ஒரு கோல்கீப்பர் நூறு முறை எடுக்கும் கணிப்பு அது. அன்று பிரேசிலுக்கு டிரா போதும் என்ற நிலையில் அணி ஏன் தற்காப்புக்குத் திரும்பவில்லை என்ற கேள்விக்கு இந்த மூவர் பெயர் மூடியாகப் போடப்பட்டது. பிரேசிலில் அதிகபட்சச் சிறைத்தண்டனை 30 ஆண்டு, எனக்கோ 50 ஆண்டு ஆகிவிட்டது என்று பார்போசா கடைசிக் காலத்தில் சொன்னார். 2000-இல் இறந்தார்.

தோல்வி வந்ததும் பழி எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதே ஒரு நல்ல சோதனை. வென்றால் அணி வென்றது. தோற்றால் பெயர் சொல்லித் தோற்கடிப்பார்கள்.

இனி வர்ணனைக்கு வருவோம். 1991-இல் கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் தலைவர் ரான் நோட்ஸ் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில், கறுப்பின வீரர்களுக்கு வேகமும் கலைநயமும் உண்டு, நடுக்குளிர் காலத்தில் அவர்களைச் சுமந்து செல்லக் கடினமான வெள்ளையர்கள் வேண்டும் என்று சொன்னார். அவருடைய அணி அதற்கு முந்தைய பருவத்தில் லீகில் மூன்றாமிடம் பிடித்திருந்தது; இயன் ரைட், மார்க் பிரைட், ஜான் சலாகோ என்ற கறுப்பின வீரர்கள் அதன் முன்வரிசை. குளிர்காலத்தில் அவர்கள் எங்கும் போய்விடவில்லை. நோட்ஸ் இதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, ஆட்ட அறிக்கைகளிலும் வர்ணனையிலும் பல்லாண்டாகப் புழங்கிய அடைமொழிகளை ஒன்றாகக் கோத்துச் சொன்னார்.

அந்த அடைமொழிகளை 2020-இல் ரன்ரிபீட் என்ற டென்மார்க் நிறுவனம் இங்கிலாந்தின் தொழில்முறை வீரர் சங்கத்தோடு சேர்ந்து எண்ணியது. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நான்கு நாட்டு முதல்நிலை லீக்குகளின் 80 ஆட்டங்கள், ஆங்கில வர்ணனை, 643 வீரர்கள், 2,073 கருத்துகள். அணிகளில் யார் எத்தனை பேர் என்பதற்கு ஏற்பச் சரிசெய்தபின் கிடைத்தது இது: உடல் பலத்தைப் பற்றிய பேச்சு கருநிற வீரர்களுக்கு 6.59 மடங்கு அதிகம். வேகத்தைப் பற்றிய பேச்சு 3.38 மடங்கு. அறிவுக்கான பாராட்டில் 62.60 சதவீதம் வெளிர்நிற வீரர்களுக்குப் போனது. அறிவுக் குறைவு என்ற விமர்சனத்தில் 63.33 சதவீதம் கருநிற வீரர்களுக்கு வந்தது. நிறத்தை ஒரு கணினி விளையாட்டின் தரவிலிருந்து எடுத்தார்கள் என்பது இந்த ஆய்வின் பலவீனம். அதைத் தெரிந்துகொண்டே இந்த எண்களைப் பயன்படுத்த வேண்டும். ஆனாலும் திசை ஒன்றாகவே இருக்கிறது, வார்ட்டன் காலத்துக் கட்டுரையின் திசையும் அதுதான்.

பலசாலி என்பதும் வேகமானவர் என்பதும் பாராட்டுத்தானே, இதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. ஆடி முடித்தபின் பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கெடுதல் தெரியும். அந்த வேலைக்குக் கேட்பது ஆட்டத்தைப் படிக்கும் அறிவையும் தலைமைப் பண்பையும். 15 ஆண்டு ஒருவரைக் கால் என்றும் தோள் என்றும் மட்டுமே விவரித்துவிட்டு, மூளை வேண்டிய வேலைக்கு அவர் பெயர் யாருக்கும் நினைவு வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆய்வு வெளியானபோது வீரர் சங்கத்தின் சார்பில் இந்தக் கருத்தைச் சொன்னவர் ஜேசன் லீ.

ஜேசன் லீயின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊடகத்திலிருந்து மைதானத்துக்கு இனவெறி எப்படி நடந்து போகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறு சம்பவம் குறைவு. 1990-களின் நடுவில் அவர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியின் முன்கள வீரர். சுருள்முடியைப் பின்னி உச்சியில் தூக்கிக் கட்டியிருப்பார். பிபிசியில் வந்த ஒரு கால்பந்து நகைச்சுவை நிகழ்ச்சியில், தொகுப்பாளர்களில் ஒருவரான டேவிட் பேடியல் முகத்தில் கறுப்பு மை பூசி, தலையில் அன்னாசிப்பழம் வைத்துக்கொண்டு, கோல் அடிக்கத் தெரியாத ஜேசன் லீயாக வாரக்கணக்கில் நடித்தார். தலையில் அன்னாசி என்ற வரி பாட்டாகி எதிரணி ரசிகர்களிடம் போனது. மைதானத்துக்கு மைதானம் பாடினார்கள், பள்ளிக்கூட வளாகங்களிலும் அது கேலிப்பாட்டாக ஒலித்தது.  அந்தக் கேலியை நாடெங்கும் கொண்டுபோனது நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனம். பேடியல் லீயை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டது 2022-இல். ஏறத்தாழ கால் நூற்றாண்டு, ஒரு வீரரின் முழு ஆட்ட வாழ்க்கை, இடையில் கழிந்துவிட்டது.

அண்மைக்காலத்தில் மிகவும் பயன்படும் உத்தி, 'சீண்டினார்' என்பது. ரியல் மாட்ரிட்டின் வினீசியஸ் ஜூனியர் இதன் முழுமையான உதாரணம். 2022 செப்டம்பரில் அவர் கோல் அடித்ததும் ஆடும் நடனம் எதிரணியை அவமதிக்கிறது என்ற விவாதத்தை ஸ்பெயின் விளையாட்டு ஊடகங்கள் கிளப்பின. 'எல் சிரிங்கிட்டோ' என்ற இரவு நிகழ்ச்சியில் வீரர் முகவர்கள் சங்கத் தலைவர் பெட்ரோ பிராவோ, குரங்கு சேட்டையை நிறுத்த வேண்டும் என்றார். பிறகு அது பேச்சு வழக்கில் உள்ள ஒரு மரபுத்தொடர், தவறாகப் பயன்படுத்திவிட்டேன் என்று வருத்தம் தெரிவித்தார். சில நாளில், செப்டம்பர் 18 அன்று, அத்லெட்டிகோ மாட்ரிட் அணியின் மைதானத்துக்கு வெளியே கூடிய ரசிகர்கள் 'நீ ஒரு குரங்கு' என்று வினீசியஸ் பெயரைச் சேர்த்துப் பாடினார்கள். 2023 ஜனவரியில் ரியலின் பயிற்சித் திடல் அருகே பாலத்தில் அவருடைய சட்டை அணிந்த உருவப்பொம்மை தூக்கில் தொங்கியது. மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில் ஏசல் தாங்காமல் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்தவர்களை அவர் கைநீட்டிக் காட்டினார், ஆட்டம் நின்றது, கடைசியில் எழுந்த கைகலப்பில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதும் அவரே. அன்றிரவே ஸ்பெயின் லீகின் தலைவர் ஹவியர் தெபாஸ், பேசும் முன் விவரம் தெரிந்துகொள்ளும்படி வினீசியஸுக்குச் சமூக வலைத்தளத்தில் பாடம் எடுத்தார். மறுநாள் ரியோவில் மீட்பர் கிறிஸ்து சிலையின் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து ஆதரவு காட்டினார்கள்.

இந்தத் தொடரில் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்று கவனியுங்கள். அவர் ஏன் நடனமாடுகிறார், ஏன் கோபப்படுகிறார், ஏன் கைநீட்டினார், மொத்த மைதானமும் கத்தியதா இல்லை சிலரா. கத்தியவர் யார், முந்தைய புகார்கள் என்ன ஆயின என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. சிவப்பு அட்டை பிறகு ரத்தானது. வலென்சியா மைதானத்தின் ஒரு பார்வையாளர் பகுதியை 5 ஆட்டங்களுக்கு மூட உத்தரவிட்டு, மேல்முறையீட்டில் அது 3 ஆகக் குறைந்தது. 2024 ஜூன் 10 அன்று ஏசிய ரசிகர்கள் மூவருக்கு 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்பெயினில் மைதான இனவெறிக்காக வந்த முதல் தண்டனைத் தீர்ப்பு அதுதான். 'சீண்டல்' என்று ஓராண்டு பேசிய விவாத மேடைகள் இந்தத் தீர்ப்பை வைத்துத் தங்கள் பழைய பேச்சைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

இத்தாலியில் 2019 டிசம்பர் 5 அன்று 'கொரியரே தெல்லோ ஸ்போர்ட்' நாளிதழ், இன்டர்–ரோமா ஆட்டத்துக்கு முன்னோட்டமாக ரொமேலு லுகாகு, கிறிஸ் ஸ்மாலிங் ஆகிய இரு கறுப்பின வீரர்களின் படத்தைப் போட்டு 'பிளாக் ஃபிரைடே' என்று முதல் பக்கத் தலைப்பு வைத்தது. ஆட்டம் வெள்ளிக்கிழமை, அதுதான் சிலேடை. உள்ளே இருந்த கட்டுரை இருவரையும் மதித்தே எழுதப்பட்டது என்று ஆசிரியர் வாதாடினார். அது உண்மையாக இருந்தாலும் பயனில்லை. தலைப்பை எழுதுவது பெரும்பாலும் நிருபர் இல்லை, செய்தி மேசை. கடையில் தொங்கும் தாளைப் பார்த்துச் செல்கிறவர் உள்ளே புரட்டுவதில்லை. ரோமாவும் ஏ.சி. மிலானும் அந்த நாளிதழின் நிருபர்களை ஆண்டு முடியும்வரை தங்கள் பயிற்சித் திடலுக்குள் விடவில்லை. மன்னிப்பு அறிக்கைகளைவிட இத்தகைய கதவடைப்புக்குப் பத்திரிகைகள் அஞ்சுகின்றன; அந்த அனுமதிதான் அவர்களுடைய பிழைப்பு.

தனிமனிதரின் நல்லெண்ணத்தைச் சாட்சிக்கு இழுப்பது இன்னொரு பழக்கம். 1970-களின் இறுதியில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியில் சிரில் ரெஜிஸ், லாரி கன்னிங்ஹாம், பிரெண்டன் பேட்சன் என்று மூன்று கறுப்பின வீரர்களை ஒருசேர ஆடவிட்டவர் மேலாளர் ரான் அட்கின்சன். 1978 டிசம்பர் 30 அன்று அந்த அணி ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 5-3 என்று வென்றபோது, கறுப்பின வீரர்களைக் கூட்டம் ஏசுகிறது என்று வர்ணனையாளர் ஜெரால்ட் சின்ஸ்டாட் ஒளிபரப்பிலேயே சொன்னார். கேட்காததுபோல் கடந்துபோவது வழக்கமாக இருந்த காலத்தில் அது பெரிய விஷயம். 2004 ஏப்ரல் 20 அன்று மொனாக்கோ–செல்சி ஆட்டத்தின் முடிவில், ஒலிவாங்கி அணைந்துவிட்டதாக நினைத்து செல்சியின் கறுப்பின வீரர் மார்செல் தெசாயியை மோசமான நிறவெறிச் சொல்லால் ஏசியவர், அப்போது வர்ணனையாளராக இருந்த அதே அட்கின்சன். மத்திய கிழக்கில் சில நாடுகளில் அது ஒலிபரப்பானது. ஐடிவி தொலைக்காட்சி வேலையை விட்டு விலகினார். மூன்று கறுப்பின வீரர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தவர் இனவெறியராக முடியுமா என்று அவருக்காக வாதாடியவர்கள் பலர். வாய்ப்புக் கொடுத்ததும் உண்மை, ஏசியதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்கும் கணக்கைப் பத்திரிகைகள் வெள்ளையர்களுக்கு மட்டுமே இவ்வளவு பொறுமையாகப் போடுகின்றன.

எண்களைப் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும். 2021 ஜூலை 11 அன்று யூரோ இறுதியில் இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் மார்கஸ் ராஷ்ஃபோர்ட், ஜேடன் சான்சோ, புகாயோ சாகா மூவரும் பெனால்டியைத் தவறவிட்டபின் இணையத்தில் வந்த வசைகளைப் பற்றி இரண்டு எதிரெதிர்ச் செய்திகள் ஓடின. வசை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று ஒன்று. பெரும்பங்கு பிரிட்டனிலிருந்தே என்று மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது. காவல்துறை குற்றம் என்று தீர்மானித்தது 207 பதிவுகள். அவற்றில் 34 கணக்குகள் பிரிட்டனில், 123 வெளிநாட்டில், மீதி அப்போது விசாரணையில். ட்விட்டர் நிறுவனம் தன் விதிப்படி நீக்கிய பதிவுகளோ ஆயிரத்துக்கும் மேல். அதில் எந்த நாட்டையும்விட பிரிட்டனின் பங்கே அதிகம் என்று அந்த நிறுவனமே சொன்னது. குற்றவியல் வரம்பைத் தொட்டவை ஒரு கணக்கு, வசை மொத்தமும் வேறு கணக்கு. முதல் எண்ணை மட்டும் எடுத்து 'நம் ஆட்கள் இல்லை' என்று தலைப்பு வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

பத்திரிகை இல்லாவிட்டால் வெளியே வந்திராத விஷயங்களும் உண்டு. 2011 ஏப்ரலில் பிரான்ஸின் 'மீடியாபார்ட்' இணைய இதழ், கால்பந்துக் கூட்டமைப்பின் உள்கூட்டம் ஒன்றின் ஒலிப்பதிவில் இருந்த பேச்சை வெளியிட்டது. 2010 நவம்பரில் நடந்த அந்தக் கூட்டத்தில், பயிற்சி மையங்களில் இரட்டைக் குடியுரிமைக்கு வாய்ப்புள்ள சிறுவர்களின் எண்ணிக்கைக்கு 30 சதவீத அளவில் சத்தமில்லாமல் வரம்பு வைப்பது பற்றிப் பேசியிருந்தார்கள். தேசிய அணியின் பயிற்சியாளர் லோராங் பிளாங்கும் அதில் இருந்தார். தொழில்நுட்ப இயக்குநர் இடைநீக்கம் செய்யப்பட்டார், விசாரணை நடந்தது. மைதானத்தில் ஒருவரும் கத்தாமல், ஒரு மூடிய அறையில் 12, 13 வயதுப் பையன்களின் வாழ்க்கையை மாற்றக்கூடிய பேச்சு அது. வாழைப்பழத்தைவிட இத்தகைய அறைகளை வெளிக்கொணர்வதற்கே பத்திரிகைக்குத் துணிவும் உழைப்பும் தேவைப்படுகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால் வழி எளிது. ஒரே பத்திரிகையை எடுங்கள். ஒரே வகைச் செய்தியை எடுங்கள்: வீடு, கார், தோல்வி, சிவப்பு அட்டை, ஒப்பந்தத் தகராறு. ஏறத்தாழ ஒரே வயதும் ஒரே நிலையும் உள்ள இரண்டு வீரர்களைப் பொருத்துங்கள். நட்சத்திரத்தையும் புதுமுகத்தையும் ஒப்பிட்டால் நிறத்தால் வந்த வித்தியாசமா புகழால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பலருடைய ஒப்பீடு இங்கேதான் சரிகிறது. தலைப்பு, படம், முதல் பத்தி மூன்றையும் தனித்தனியே பாருங்கள். சம்பளத் தொகை எந்த வரியில் வருகிறது, தாயோ குழந்தையோ எந்த வரியில் வருகிறார்கள் என்று குறியுங்கள். ஆட்ட அறிக்கையானால் வேகம், பலம் பற்றிய சொற்களை ஒரு பக்கமும் பார்வை, முடிவெடுத்தல், தலைமை பற்றிய சொற்களை மறுபக்கமும் எண்ணுங்கள். இரண்டு மூன்று அறிக்கையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரு வேகமான வீரரை வேகமானவர் என்று சொல்வதில் தவறில்லை. முப்பது நாற்பது அறிக்கை சேர்ந்தால் பழக்கம் தானாகத் தெரியும்.

இனவெறிச் சம்பவச் செய்தி என்றால் வேறு சில வரிகளைத் தேடுங்கள். நடுவர் எந்த நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தினார், அறிவிப்புச் செய்தார்களா, அணிகள் உள்ளே போயினவா. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் நடைமுறையில் மூன்று படிகள்: நிறுத்தி அறிவிப்பது, வீரர்களை உள்ளே அனுப்பித் தற்காலிகமாக நிறுத்திவைப்பது, கைவிடுவது. 2019 அக்டோபர் 14 அன்று சோஃபியாவில் பல்கேரியா–இங்கிலாந்து ஆட்டம் முதல் பாதியிலேயே இரண்டு முறை நின்றது. ஆனால் வீரர்கள் ஓய்வறைக்குப் போகவில்லை, இங்கிலாந்து 6-0 என்று முடித்தது. தனக்கு எதுவும் காதில் விழவில்லை என்று பல்கேரியப் பயிற்சியாளர் பாலகோவ் சொன்னார். 'இரு தரப்பும் முரண்பட்ட தகவல்' என்று எழுதுகிறவருக்கு அது வசதி. நின்ற நிமிடங்களையும் நடந்த அறிவிப்பையும் எழுதுகிறவருக்கு முரண்பாடு ஒன்றும் மிஞ்சாது.

தமிழில் விளையாட்டுச் செய்தி எழுதுவோருக்கும் இது பொருந்தும். ஐரோப்பியக் கால்பந்துச் செய்தி நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் வழியாக வருகிறது. அங்கே ஏறிய அடைமொழி இங்கே அப்படியே இறங்கிவிடும். 'ஆறடி உயர ராட்சசன்', 'காட்டுத்தனமான வேகம்' போன்ற சொற்களை யாருக்குப் போடுகிறோம் என்று அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்க்கலாம். 'சர்ச்சையில் சிக்கினார்' என்ற தலைப்பு, ஏசப்பட்டவர் பெயரோடு வந்தால் அதை மாற்றி ஏசியவர்களை எழுவாயாக்கலாம். 'இனவெறி என்று குற்றச்சாட்டு' என்பதை நடுவரின் அறிக்கையோ நீதிமன்றமோ உறுதிசெய்தபின்னும் தொடர வேண்டியதில்லை. தீர்ப்பும் தண்டனையும் சம்பவம் நடந்து ஓராண்டுகூடக் கழித்து வரலாம் என்பதால், முதல் நாள் செய்தியைப் போட்டவர் அந்தத் தேதியைக் குறித்துவைத்து முடிவையும் அதே அளவு இடத்தில் போட வேண்டும்.